புகை மணக்கும் தொடுகறி

அமெரிக்க நாட்டில் விடுமுறை நாள்களில் வீட்டுக் கொல்லையில் இரும்புக் கூண்டடுப்பை வைத்து, மரத்துண்டுகளைப் புகையவிட்டு, அப்புகையிலேயே இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வதக்கிய கொத்துக்கறியும் பாலாடைக்கட்டியும் கலந்த தட்டு ஒன்றும் உள்ளே போகும். ஒரு மணி நேரத்தில் அது உருகிக் குழைந்துவிடும். சூடு ஆறுமுன் சோள வறுவலால் தொட்டு உண்பார்கள்.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் வழங்கும் மாசி, சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்தியதே. கல்கத்தாவில் விற்கும் பாண்டேல் பாலாடைக்கட்டியிலும் புகையூட்டிய வகை உண்டு. அது போர்த்துக்கீசியர் வழி வந்தது.

புகைக்கு மணம் எங்கிருந்து வருகிறது? மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் போதிய காற்றின்றி வெப்பத்தால் சிதையும்போது, குவாயகால், சிரிங்கால் முதலிய பீனால்கள் பிறக்கின்றன. புகை மணத்துக்கு முதற்காரணம் இவையே. கரியோ, முன்பே ஒருமுறை எரிந்து இவற்றை இழந்துவிட்டது. ஆகையால்தான் வடநாட்டுச் சமையற்காரர்கள் கனிந்த கரியின்மேல் நெய்யைச் சொட்டுகிறார்கள், கிராம்பும் இடுகிறார்கள். கிராம்பிலுள்ள யூஜெனால் குவாயகாலுக்கு நெருங்கிய உறவு என்பது நினைவிற்குரியது.

இனிப் பாலாடைக்கட்டி. பனீரைச் சூடாக்கினால் உருகாது. புளிப்பிட்டுத் திரித்ததால் அதன் புரதங்கள் இறுகப் பிணைந்துவிட்டன. நாள்பட்ட பாலாடைக்கட்டி உருகும். ஆனால் சூடு மிகுந்தால் நெய் பிரிந்து, புரதம் ரப்பராகிவிடும். 1911இல் சுவிட்சர்லாந்தில் இதற்கு வழி கண்டார்கள். சிட்ரேட் உப்பைச் சேர்த்தால், அது கேசீன் புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். விடுபட்ட கேசீன், கொழுப்பையும் நீரையும் பிரியாமல் காக்கும். கடையில் டப்பாவில் விற்கும் பதப்படுத்திய பாலாடைக்கட்டியில் இத்தகைய உப்பு இருப்பதால், நம் வேலைக்கு அதுவே ஏற்றது.

செய்முறை எளிது. கால் கிலோ கொத்துக்கறியை வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுத்தூளுடன் வதக்கி முழுவதும் வேகவையுங்கள். இவ்வகைப் புகை மணமூட்டுமேயன்றி, இறைச்சியை வேகவைக்காது, கெடாமலும் காக்காது. பின்பு அரை டம்ளர் பால் விட்டு, தீயைத் தணித்து, துருவிய பாலாடைக்கட்டி 200 கிராம் சேர்த்துக் கிளறுங்கள், கொதிக்க விடாதீர்கள். நடுவே சிறு எவர்சில்வர்க் கிண்ணத்தை வைத்து, கனிந்த கரித்துண்டு ஒன்றும் கிராம்பு இரண்டும் இட்டு, நெய் சொட்டி மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும். சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் நல்ல தொடுகறி.

இதை எழுதத் தூண்டிய செய்தி வேறொன்று. சென்ற மார்கழியில் நண்பர் நால்வர் எங்கள் வாடகை அறையில் இதைச் செய்தோம். பெங்களூர்க் குளிருக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்தினோம். மிஞ்சிய கரி குளிர்காய உதவுமென்று அடுப்பை அறையிலேயே விட்டோம். சற்று நேரத்தில் ஒருவனுக்குத் தலைவலி; அடுத்தவனுக்குக் குமட்டல். கறி கெட்டதோ என்று கறிக்கடைக்காரரைக் குறை கூறினோம். நால்வருக்கும் தலை சுற்றவே, ஐயம் பிறந்து கதவைத் திறந்து வெளியேறினோம். அறையில் புகையே தெரியவில்லை. குற்றவாளி கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் விருப்பத்துடன் பற்றிக்கொள்ளும். உறங்கியிருந்தால் எழுந்திருப்போமா என்பது ஐயமே. விஞ்ஞானம் பயிலும் நானே பாடத்தில் படித்ததை அறையில் மறந்தேன்!

ஆகவே நண்பர்களே, கரியை மொட்டைமாடியில் கனியவையுங்கள்; புகையூட்டுவதும் அங்கேயே ஆகட்டும்; முடிந்ததும் நீர்விட்டு அணையுங்கள். தலைவலியோ குமட்டலோ தோன்றினால் உடனே வெளியேறி, மருத்துவரை நாடுங்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. கரியடுப்பு அறைக்குள் வேண்டா.