கடைக் கரண்டுக்கும் அடக்கம் போடுங்கள்

ஒரு மூட்டை துவரம் பருப்பு கொள்முதல் செய்தால் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக்குறைவு எல்லாவற்றையும் கிலோவுக்கு இத்தனை காசு என்று அடக்கத்தில் சேர்த்த பிறகே நாம் விலை வைக்கிறோம். ஆனால் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை வரும் மின் கட்டணத்தை மட்டும் மொத்தமாகக் கட்டிவிட்டு, "இந்தத் தடவை அதிகம்தான்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

என்னிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் தவணை தவறாதவர். சென்ற கோடையில் பாக்கி கேட்டுப் போனபோது, "கரண்டு பில் கட்டிட்டேன் அண்ணாச்சி, அடுத்த வாரம் தந்துடறேன்" என்றார். இரண்டாம் முறையும் அதே பதில். அவர் கடையிலேயே உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம்.

கணக்கு சுலபம்தான். சாமானில் எழுதியிருக்கும் வாட் அளவை, அது ஒரு நாளில் ஓடும் மணிகளால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஒரு நாளைய யூனிட் கிடைக்கும். அவர் கடையில் 75 வாட் மின்விசிறி 2. தினம் 14 மணி நேரம் ஓடுவதால் 2.1 யூனிட். பழைய குழல் விளக்கு 4. சோக்கையும் சேர்த்து ஒன்றுக்கு 50 வாட் வீதம் 6 மணி நேரத்திற்கு 1.2 யூனிட். ஆக 3.3 யூனிட். கணக்குக்காக யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 33 ரூபாய். நிலைக்கட்டணத்தைக் கழித்த பிறகும் பில் இதைப்போல் மூன்று பங்குக்கு மேல் இருந்தது.

மீதியைத் தின்றது வாசலில் நின்ற பழைய பிரிட்ஜ். பிரிட்ஜுக்கு மட்டும் வாட் கணக்கு ஒத்து வராது. கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும். ஆகவே சனிக்கிழமை இரவு கடை அடைத்ததும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி மீட்டர் எண்ணைக் குறித்தோம். ஞாயிறு விடுமுறை. அன்றிரவு அதே நேரத்தில் பார்த்தால் 8 யூனிட் ஏறியிருந்தது! கதவே திறக்காத நாளில் இந்த நிலை என்றால் வியாபார நாளைச் சொல்ல வேண்டியதில்லை.

"இதில் வைத்து விற்பதில் தினம் என்ன நிற்கும்?" என்று கேட்டேன். 100 ரூபாய் என்றார். கரண்டுக்கே 80 ரூபாய் போனால் மிச்சம் 20 ரூபாய். அதற்குள்தான் ரிப்பேரும் தேய்மானமும் அடங்க வேண்டும்.

மெக்கானிக் வந்து பார்த்தார். கதவு ரப்பர் தொய்ந்திருந்தது. பின்புறக் காயிலில் தூசி அடைந்திருந்தது. பெட்டி சுவரோடு ஒட்டி, மதிய வெயில் படும் இடத்தில் நின்றது. 800 ரூபாய் செலவில் ரப்பரை மாற்றி, தூசி துடைத்து, நிழலில் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தோம். அடுத்த ஞாயிறு அளந்தபோது 5 யூனிட். நாளுக்கு 30 ரூபாய் மிச்சம். போட்ட பணம் ஒரு மாதத்திற்குள் திரும்பிவிட்டது.

உங்கள் பிரிட்ஜையும் சோதியுங்கள். கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது என்று பொருள். துடைக்கும் முன் பிளக்கைக் கழற்ற மறக்க வேண்டாம். புதிது வாங்கினால் நட்சத்திர வில்லையில் வருடத்திற்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். விலை குறைவு என்று வாங்கிவிட்டு வருடா வருடம் கரண்டில் கொடுப்பது வியாபாரம் ஆகாது. மின்விசிறியிலும் 30, 35 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ரகம் வந்திருக்கிறது. நாள் முழுதும் ஓடும் இடத்தில் அதை முதலில் மாற்றுங்கள்.

பேரேட்டில் கரண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரம் ஒரு முறை மீட்டர் எண்ணை எழுதி வாருங்கள். எண் திடீரென்று ஏறினால், பில் வரும் முன்பே காரணம் தெரிந்துவிடும். அந்தக் கடைக்காரர் இப்போது அப்படித்தான் எழுதுகிறார். என் பாக்கியும் தவணை தப்பாமல் வருகிறது.