சுழன்று வந்த கண்! தெருவையே அடக்கிய டி.வி. சின்னம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கண்ணு சுத்துமே, அதுவா?" என்பார்கள்.

சென்னை டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15-ந்தேதி தொடங்கியது. ஆவடி டாங்கி பாக்டரி குவார்ட்டர்சிலும், அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய தெருக்களிலும் அப்போது டி.வி. பெட்டி உள்ள வீடுகள் கொஞ்சம்தான். லைசென்சு வேறு கட்ட வேண்டும்.

பின்னாளில் வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" வந்ததும், அந்த வீடுகளில் உட்கார இடம் கிடைக்காது. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்புவார். "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்!" என்று கீழே இருந்து சத்தம் வரும்.

புள்ளி புள்ளியான திரையில் ஷெனாய் ஒலிக்கும். இரண்டு வளைவுகள் சுழன்று சுழன்று வந்து ஒரு உருண்டையைச் சுற்றி நிற்கும். தெரு அடங்கிவிடும்.

யார் வரைந்தது?

அதுதான் தூர்தர்ஷன் சின்னம். 1976 ஏப்ரல் 1-ந்தேதி ஆகாசவாணியில் இருந்து டெலிவிஷன் தனியாகப் பிரிந்தது. அதற்கு ஒரு சின்னம் வேண்டும் என்று ஆமதாபாத் தேசிய டிசைன் கல்லூரியில் கேட்டார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் வரைந்து கொடுத்தார்கள். பிரதமர் இந்திரா காந்தி பொறுக்கி எடுத்தது ஒரு மாணவரின் படம்! அவர் பெயர் தேவாசிஷ் பட்டாச்சார்யா.

படத்தைச் சுழல வைத்தவர் ஆர்.எல்.மிஸ்திரி. கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. படத்தைப் பல பிரதிகள் எடுத்து, கேமராவுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் பிடித்தார். இசை பண்டிட் ரவிசங்கர். உடன் உஸ்தாத் அலி அகமது உசேன் கான்.

கதாநாயகன், கதாநாயகி பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். தினமும் கோடிப் பேர் பார்த்த இந்தச் சில வினாடிப் படத்துக்கு எழுத்தே போடவில்லை. அநியாயம்தானே?

செம்பரம்பாக்கத்தில் இன்னொரு கண்

பிறகு தனியார் டி.வி. வந்தது. 1999-ல் "சித்தி" மூலம் ராடான், 2003-ல் "கோலங்கள்" மூலம் விகடன் டெலிவிஸ்டாஸ் என்று கம்பெனிப் பெயர்களும் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம் ஆயின.

2017-ல் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் "பிக்பாஸ்" வீடு எழுந்தது. அதன் சின்னமும் கண்தான்! ஆனால் இது வீட்டுக்குள் இருப்பவர்களை வேவு பார்க்கும் கண்.

அதே 2017-ல் தூர்தர்ஷன் புதுச் சின்னம் கேட்டுப் போட்டி வைத்தது. பரிசு ரூ.1 லட்சம். ஆனாலும் அந்தப் பழைய கண்ணின் சாயல் தூர்தர்ஷனை விட்டுப் போகவில்லை.

இன்று பிள்ளைகள் செல்போனில் தொடர் பார்க்கிறார்கள். கம்பெனி சின்னம் சுழலத் தொடங்கியதுமே கட்டை விரல் அதைத் தள்ளி விடுகிறது.