சென்ட்டா, ஏரா? அளந்து பார்த்து வாங்குவோம்



நம் குழுக்களில் கடன் எடுத்து நிலம் வாங்குகிறவர்களும் வீடு கட்டுகிறவர்களும் நிறையப் பேர். வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று கறாராகக் கேட்கிறோம். ஆனால் நிலம் எத்தனை சென்ட், இறக்கிய மணல் எத்தனை யூனிட் என்று வரும்போது, "அவரே சொல்லிட்டாருங்க, சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். காசு போகிற இடமே அதுதான்.

நீளத்தில் நமக்கு அதிகம் குழப்பம் இல்லை. பூ வாங்கும்போது முழம் பூக்காரம்மாவின் கைக்குத் தகுந்த மாதிரி மாறும், அது போகட்டும். அடியும் மீட்டரும் மாறாது. 1 மீட்டர் என்பது 3.28 அடி.

பரப்பு என்று வந்தால்தான் தடுமாற்றம். 10 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள அறை 100 சதுர அடி. இரண்டு பக்கத்தையும் 20 அடியாக்கினால் 200 என்று நினைத்துவிடக் கூடாது, 400 சதுர அடி. தளம் போடும் செலவும் ஏறக்குறைய நாலு மடங்காகும்.

இனி பட்டாவைக் கையில் எடுங்கள். நாம் பேசுவது ஏக்கர், சென்ட். ஆனால் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். இந்த ஏர் உழுகிற ஏர் இல்லீங்க! 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர்தான் 1 ஏர். 100 ஏர் சேர்ந்தால் 1 ஹெக்டேர். 100 சென்ட் 1 ஏக்கர். 1 சென்ட் 435.6 சதுர அடி. முக்கியமாக மனதில் வைக்க வேண்டியது, 1 ஏர் என்றால் 2.47 சென்ட்.

பட்டாவில் 0 - 20.50 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேர் ஒன்றுமில்லை, 20.5 ஏர். அதை 2.47-ஆல் பெருக்கினால் சுமார் 50.6 சென்ட். விற்பவர் 55 சென்ட் என்கிறார். சென்ட் 20,000 ரூபாய் என்றால், இல்லாத 4.4 சென்ட்டுக்கு 88,000 ரூபாய் கொடுத்திருப்போம். இதைவிட மோசம் ஒன்று உண்டு. பிறந்த வீட்டுப் பாகம் பிரிக்கும்போது, "பட்டாவுல இருபதரைன்னுதானே போட்டிருக்கு" என்று சொல்லி இருபதரை சென்ட்டுக்குப் பணம் கொடுத்தால், 30 சென்ட் அப்படியே கைவிட்டுப் போய்விடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏரை சென்ட்டாக்கிப் பார்த்துவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து சகோதரிகள் மா, குழி என்பார்கள். அங்கே 100 குழி ஒரு மா, கிட்டத்தட்ட 33 சென்ட். குழி அளவு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால், பத்திரம் எழுதும்போது அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நிலம் கோணலாக இருந்தால்? நாலு பக்கம் இருந்தால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடியுங்கள். இரண்டு முக்கோணம் கிடைக்கும். கயிற்றின் நீளத்தை, மற்ற மூலையிலிருந்து கயிற்றுக்கு நேர் செங்குத்தாக உள்ள தூரத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். இரண்டு முக்கோணத்தையும் கூட்டினால் மொத்தப் பரப்பு. அடியில் அளந்திருந்தால் 435.6-ஆல் வகுத்தால் சென்ட் வந்துவிடும்.

மணல், ஜல்லிக்கு நீளம், அகலத்தோடு உயரமும் சேரும். 1 யூனிட் 100 கன அடி. லாரித் தொட்டியின் உள்ளே 10 அடி நீளம், 6 அடி அகலம், மணல் நிற்கிற உயரம் 3 அடி என்றால் 180 கன அடி, அதாவது 1.8 யூனிட். 2 யூனிட்டுக்குப் பணம் கேட்டால் 20 கன அடி எங்கே என்று கேளுங்கள். உயரத்தைப் பலகையை வைத்து அளக்காமல் மணலுக்குள் கம்பியை விட்டு நாலைந்து இடத்தில் பாருங்கள். லேசாக ஈரம்பட்ட மணல் உப்பி நிற்கும், காய்ந்தால் இறங்கிவிடும். இதையும் விலை பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்குதான். 1 கன அடியில் சுமார் 28.3 லிட்டர் பிடிக்கும். உள்ளளவு 5 அடி, 4 அடி, 4 அடி உள்ள தொட்டி 80 கன அடி, ஏறக்குறைய 2,260 லிட்டர். கொத்தனார் வெளிச்சுவரைச் சேர்த்து அளந்து சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சுவருக்குள் தண்ணீர் நிற்காது.

குழுப் பணத்தில் ஒரு நீள டேப் வாங்கி வைத்தால் எல்லோருக்கும் ஆகும். ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மீட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சர்வேயர் தரும் புலப்படத்தில் அளவுகள் மீட்டரில்தான் இருக்கும்.