மது அருந்திய மறுநாள்: தண்ணீர் எதைத் தீர்க்கும்?

"நேற்றிரவு குடித்தார், டாக்டர். காலையிலிருந்து தலைவலி, வாந்தி. தண்ணீர் நிறையக் கொடுத்தால் சரியாகிவிடுமா?" குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

தண்ணீர் தாகத்தைத் தணிக்கும். ஹேங்ஓவர் எனப்படும் மறுநாள் உபாதை முழுவதையும் நீக்காது.

உடலின் நீரைக் காக்கும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை மது அடக்குகிறது. அதனால் சிறுநீர் மிகுதியாகப் பிரிந்து, வாய் உலர்கிறது. இந்த இழப்பைத் தண்ணீர் ஈடுசெய்யும். வாந்தி இருப்பின் ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்பிட்ட கஞ்சியோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ஆனால் மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு, இரைப்பை எரிச்சல், குலைந்த உறக்கம், உடலில் எழும் அழற்சி ஆகியவையும் இவ்வுபாதைக்குக் காரணங்கள். இவற்றைத் தண்ணீர் போக்காது.

கல்லீரலின் வேகத்தையும் தண்ணீர் கூட்டாது. 180 மில்லி பிராந்தியில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரையே அகற்றும். ஆகவே, நள்ளிரவில் குடித்து முடித்தவர், காலை 6 மணிக்கு ஒரு செம்பு தண்ணீர் அருந்திவிட்டுத் தெளிந்துவிட்டதாக எண்ணி வண்டி ஓட்டுவது ஆபத்து.

தலைவலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கல்லீரலையோ இரைப்பையையோ அவை மேலும் பாதிக்கலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவராயின் இரத்தச் சர்க்கரையை உடனே பாருங்கள். மது அதை அபாயகரமாகக் குறைக்கக்கூடும்.

தண்ணீரை நம்பிக் காலம் தாழ்த்துவதே எங்களுக்குப் பெருங்கவலை. எழுப்பியும் எழாமை, மூச்சு மந்தமாதல், வலிப்பு, இரத்த வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை ஹேங்ஓவர் அல்ல. பார்வை மங்கினால் மெத்தனால் நஞ்சாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயமே. அன்றாடம் குடிப்பவர் நிறுத்தியதும் கை நடுங்கி வியர்த்தால், அதற்கும் மருத்துவம் தேவை.

நினைவிழந்தவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் செல்லும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.

என்ன குடித்தார், எவ்வளவு, எப்போது என்பதை எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குறை காண்பதற்காக நாங்கள் கேட்பதில்லை. சரியான சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கவே கேட்கிறோம்.