மில்லிமீட்டரில் தீரும் வழக்கு

சாலைப் பந்தய மிதிவண்டிகளுக்குக் கியர் மாற்றும் பாகங்களைச் செய்யும் நிறுவனங்களுள் பெரியவை மூன்று: ஜப்பானின் சக்காய் நகரில் 1921இல் தொடங்கிய ஷிமானோ, இத்தாலியின் விச்சென்சா நகரில் 1933இல் துல்லியோ கம்பன்யோலோ தம் பெயரிலேயே நிறுவிய கம்பன்யோலோ, அமெரிக்காவின் சிகாகோவில் 1987இல் உருவான ஸ்ராம். மூன்றும் தத்தம் பாகங்களைக் ‘குரூப்செட்’ என்னும் முழுத் தொகுதியாக விற்கவே விரும்புகின்றன. ஒன்றின் பாகத்தோடு மற்றொன்றின் பாகத்தைச் சேர்ப்பதை அவற்றின் கையேடுகள் ஆதரிப்பதில்லை. ஆனால் விழுந்து உடைந்த ஒரு பாகத்துக்கு மாற்று கிடைக்காதபோதும், முழுத் தொகுதியின் விலை எட்டாதபோதும் இக்கலப்பு நடக்கத்தான் செய்கிறது. அவ்வாறு செய்த கலப்புகளுள் சில ஒரே நிறுவனத் தொகுதிக்கு நிகராக ஓடுவதும், ஒரே நிறுவனத்தின் பெயர் பொறித்த இரண்டு பாகங்கள் தமக்குள் ஒத்துப்போக மறுப்பதும் உண்டு என்பதால், இங்கே தீர்ப்புச் சொல்வது பெயர்ப்பொறிப்பு அல்ல என்பது தெளிவு.

கியர் மாற்றத்தில் பங்குபெறும் உறுப்புகள் அதிகமில்லை. கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தும்போது மெல்லிய எஃகுக் கேபிள் ஒன்று இழுபடுகிறது அல்லது தளர்கிறது. அக்கேபிளின் மறுமுனை, பின்சக்கரத்தின் அருகே தொங்கும் ‘டீரெய்லர்’ என்ற கருவியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அக்கருவி பக்கவாட்டில் நகர்ந்து சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிறது. வெவ்வேறு அளவுள்ள அப்பற்சக்கரங்கள் அடுக்காகச் சேர்ந்த தொகுப்புக்கு ‘கேசட்’ என்று பெயர்.

1980கள் வரை இந்த நெம்புகோல்கள் பெரும்பாலும் உராய்வினால் மட்டுமே நிலைநின்றன. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஓட்டுபவரின் விரலும் காதுமே முடிவுசெய்ததால், எந்த நாட்டுப் பாகத்தோடு எந்த நாட்டுப் பாகத்தைச் சேர்த்தாலும் வண்டி ஓடியது. 1984இல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் தொகுதியில் எஸ்.ஐ.எஸ். என்ற முறையைப் புகுத்தி, நெம்புகோல் ஒரு ‘கிளிக்’ ஒலியோடு நகரும்போது சங்கிலி மிகச்சரியாக ஒரு பற்சக்கரம் தாவும்படி செய்தது. கற்றுத் தேறியவர்களுக்கே கைவந்த வேலை அன்று முதல் எவருக்கும் இயன்றது. ஆனால் விரல் செய்துவந்த கணக்கை உலோகத்தில் செதுக்கிவிட்டதால், ஒரு நிறுவனத்தின் கணக்கு மற்றொன்றின் கணக்கோடு பொருந்தாத நிலையும் அதே நாளில் பிறந்தது. 1990இல் ஷிமானோ கியர் நெம்புகோலையும் பிரேக் நெம்புகோலையும் ஒரே உறுப்பாக்கியதும், கம்பன்யோலோ 1992இல் எர்கோபவர் என்ற பெயரிலும், ஸ்ராம் 2006இல் டபுள்டாப் என்ற பெயரிலும் தத்தம் வழியில் அதையே செய்ததும் வேலிகளை இன்னும் உயர்த்தின.

அந்தக் கணக்கில் இருப்பவை மூன்று எண்களே. ஒரு கிளிக்கிற்கு நெம்புகோல் எத்தனை மில்லிமீட்டர் கேபிளை இழுக்கிறது என்பது முதலாவது. கேபிள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் டீரெய்லர் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்ற விகிதம் இரண்டாவது. கேசட்டில் ஒரு பற்சக்கரத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரையுள்ள தொலைவு மூன்றாவது. முதல் இரண்டையும் பெருக்கி வரும் எண் மூன்றாவதற்கு மிக அருகில் இருந்தால் கியர் ஒழுங்காக மாறும்.

ஷிமானோவின் பத்து வேக (அதாவது கேசட்டில் பத்துப் பற்சக்கரங்கள் கொண்ட) சாலை நெம்புகோல் ஏறத்தாழ 2.3 மி.மீ. இழுக்கிறது; அதற்குரிய டீரெய்லரின் விகிதம் 1.7, பெருக்கினால் 3.91 வருகிறது, கேசட்டின் இடைவெளியோ 3.95. ஸ்ராம் இதே இடைவெளியைக் கொண்ட கேசட்டுக்கு வேறு வழியில் வந்து சேர்கிறது: நெம்புகோல் 3.1 மி.மீ. இழுக்க, டீரெய்லர் அதை 1.3 மடங்காக்குகிறது. அதிக இழுவையும் குறைந்த பெருக்கமும் இருந்தால் கேபிளில் ஏறும் அழுக்கும் தளர்வும் கியர் மாற்றத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பது இதன் பயன். இரு நிறுவனங்களின் பத்து வேக கேசட்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடலாம் என்பதும், நெம்புகோலையும் டீரெய்லரையும் அவ்வாறு மாற்றக் கூடாது என்பதும் இந்த எண்களிலேயே அடங்கியுள்ளன. ஸ்ராம் நெம்புகோலை ஷிமானோ டீரெய்லரோடு இணைத்தால் ஒவ்வொரு கிளிக்கிற்கும் 5.27 மி.மீ. நகர்வு ஏற்படும், தேவையைவிட 1.32 மி.மீ. அதிகம். மூன்று கிளிக்குகளில் இந்த மிகை 3.96 மி.மீ. ஆகிவிடுவதால், மூன்று பற்சக்கரம் தாவ வேண்டிய சங்கிலி நான்காவதன் மேல் நிற்கும்.

பிழை சேர்ந்துகொண்டே போவது கெடுதல் என்றால், பிழை சேராத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு கலை. ‘ஷிமெர்கோ’ என்று ஆர்வலர்கள் அழைக்கும் கலப்பு இதற்குச் சிறந்த சான்று. கம்பன்யோலோவின் பத்து வேக எர்கோபவர் நெம்புகோல் சராசரியாக 2.8 மி.மீ. இழுக்கிறது, அதை ஷிமானோவின் 1.7 விகிதமுள்ள டீரெய்லரோடு சேர்த்தால் 4.76 மி.மீ. கிடைக்கிறது, ஷிமானோவின் எட்டு வேக கேசட்டின் இடைவெளி 4.8. முழுக் கேசட்டையும் கடக்கத் தேவையான ஏழு தாவல்களில் சேரும் மொத்தப் பிழை 0.28 மி.மீ. மட்டுமே, நடுப் பற்சக்கரத்தில் டீரெய்லரைச் சரியாக நிறுத்திவிட்டால் இரு ஓரங்களிலும் அது பாதியாகப் பிரிந்துவிடும். டீரெய்லரின் மேல் உருளை பக்கவாட்டில் சற்றே அசையும்படி ஷிமானோ அமைத்திருப்பதால், இவ்வளவு சிறிய பிழையை அந்த உருளையே விழுங்கிவிடுகிறது. நெம்புகோலில் மிஞ்சும் கிளிக்குகளை டீரெய்லரின் எல்லைத் திருகாணிகள் தடுத்துவிடுகின்றன. கம்பன்யோலோவின் பதினொரு வேக நெம்புகோல் 2.6 மி.மீ. இழுப்பதால், அதே டீரெய்லரோடு அது ஷிமானோவின் ஒன்பது வேக கேசட்டுக்குப் பொருந்துகிறது. இரு நிறுவனங்களும் திட்டமிடாத இந்தப் பொருத்தம் ஓர் எண் விபத்து என்றாலும், கம்பன்யோலோ நெம்புகோலின் பிடியை விரும்பி ஷிமானோ சக்கரங்களை வைத்திருந்த பலருக்கு அது பேருதவியாயிற்று.

மறுபுறம், ஒரே பெயரை நம்பி ஏமாறுவதும் எளிது. ஷிமானோவின் ஒன்பது வேக மலை வண்டி டீரெய்லர் அதன் பத்து வேகச் சாலை நெம்புகோலோடு நன்றாக வேலைசெய்யும். பத்து வேக மலை வண்டி டீரெய்லரோ செய்யாது, ஏனெனில் அதன் விகிதத்தை நிறுவனம் மாற்றிவிட்டது. 2015இல் வந்த டியாக்ரா 4700 தொகுதி பத்து வேகத்ததாயினும் பதினொரு வேகத் தொகுதிகளின் இழுவை அளவைப் பின்பற்றுவதால், அதற்கு முந்தைய பத்து வேகப் பாகங்களோடு சேர்வதில்லை. பாகத்தின் மேலுள்ள பெயரைவிட மாதிரி எண்ணைப் படிப்பதே இங்கு அறிவுடைமை.

எண்கள் பொருந்தாத இடத்தில் அவற்றைப் பொருத்திவைக்கும் வழிகளும் உண்டு. டீரெய்லரில் கேபிளை இறுக்கும் திருகாணியின் மறுபக்கத்தில் கேபிளைப் பிடித்தால் நெம்புப் புயத்தின் நீளம் சிறிது மாறி, விகிதமும் மாறுகிறது. வெவ்வேறு விட்டமுள்ள இரண்டு பள்ளங்கள் கொண்ட ஒரு சிறு கப்பியைக் கேபிளின் பாதையில் பொருத்தினால், ஒரு பள்ளத்தில் நுழையும் இழுவை மற்றொன்றில் கூடியோ குறைந்தோ வெளியேறுகிறது. ஜேடெக் என்ற நிறுவனத்தின் ஷிப்ட்மேட் இத்தகையது.

மற்ற உறுப்புகளில் கெடுபிடி குறைவு. சங்கிலிகளின் கண்ணி நீளம் எல்லாவற்றிலும் 12.7 மி.மீ. தான், வேகங்களின் எண்ணிக்கை கூடக் கூட அகலம் மட்டுமே குறைகிறது என்பதால், வேக எண்ணிக்கை ஒத்திருந்தால் வேறு நிறுவனச் சங்கிலி பெரும்பாலும் ஓடும். 2019இல் ஸ்ராம் கொண்டுவந்த தட்டையான மேல்விளிம்புச் சங்கிலி இதற்கு விலக்கு. அதன் உருளைகள் பருத்தவை. கேசட்டைத் தாங்கும் வரிப்பள்ள உருளையான ‘ஃப்ரீஹப்’ கம்பன்யோலோவில் வேறு வடிவில் இருப்பதால் கேசட்டைக் கழற்றி மாட்ட முடியாது. ஆனால் பதினொரு வேகத்தில் ஷிமானோ, கம்பன்யோலோ ஆகிய இரு நிறுவனங்களின் பற்சக்கர இடைவெளியும் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே வேறுபடுவதால், சக்கரத்தையே கேசட்டோடு மாற்றிப் போடுவது வழக்கத்தில் உள்ளது.

கேபிள் பிரேக் உள்ள வண்டிகளில் இந்தச் சோதனைகள் தவறினால் நேர்வது கரகரப்பும் எரிச்சலும் மட்டுமே. திரவ அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் வந்தபின் நெம்புகோலைத் தேர்ந்தெடுப்பவர் பிரேக்கையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். ஷிமானோ கனிம எண்ணெயையும், ஸ்ராமின் சாலை பிரேக்குகள் டாட் வகைத் திரவத்தையும் பயன்படுத்துவதால், ஒன்றின் திரவம் மற்றொன்றின் ரப்பர் அடைப்பான்களைக் கெடுத்து பிரேக்கையே செயலிழக்கச் செய்யக்கூடும். கியரில் துணிந்து கலக்கலாம்; இங்கே கூடாது.

ஷிமானோ 2009இல் டி.ஐ.2 என்ற மின்னணு முறையைக் கொண்டுவந்த பிறகு, கேபிளின் இடத்தை மின்கம்பியும், 2015இல் அறிமுகமான ஸ்ராமின் ஈடாப் முறையில் வானொலி அலையும் பிடித்துக்கொண்டன. டீரெய்லரை நகர்த்துவது அதனுள்ளேயே இருக்கும் மோட்டார் என்பதால், எந்த இடைவெளியுள்ள கேசட்டுக்கும் அதைப் பழக்கிவிடுவது பொறியியல் நோக்கில் முன்னைவிட எளிது. ஆயினும் நெம்புகோலுக்கும் மோட்டாருக்கும் இடையே செல்லும் செய்தியை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய குறிமுறையில் அமைத்துக்கொண்டிருப்பதால், ஒரு நிறுவனத்தின் நெம்புகோல் இடும் கட்டளை மற்றொன்றின் டீரெய்லருக்கு எட்டுவதில்லை. கேபிள் இழுவையை வெர்னியர் அளவுகோலைக் கொண்டு எவரும் அளந்துவிடலாம். குறிமுறையை அப்படி அளக்க முடியாது.