முதலில் கல்லறை, பிறகு கோயில்

2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தரை மணி தாண்டியிருந்தது. மூணாறுக்கு மேலே, ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் விழுந்தது. நாலு வரிசை வீடுகளும் மண்ணோடு போயின. பல நாள் அடைமழையில் கரண்டும் போன் சிக்னலும் ஏற்கெனவே செத்துக் கிடந்ததால், இப்படியொன்று நடந்ததே வெளியுலகத்துக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பெரியவரைப் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இறந்தவர்கள் 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன. அவற்றில் பல, ஆற்றோடு காட்டுக்குள் வெகுதூரம் அடித்துக்கொண்டு போனவை. மீதி நாலு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை.

செத்தவர்கள் தோட்டத் தமிழர்கள். பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். அது கொரோனாக் காலம் வேறு. எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும், கூட்டம் கூடக் கூடாது. ஒரு சாவு வீட்டில் நடக்க வேண்டிய எதற்கும் அங்கே இடமில்லாமல் போனது. நீர்மாலை எடுக்க முடியவில்லை, வாய்க்கரிசி போட முடியவில்லை, கடைசியாக ஒருதரம் முகம் பார்க்கக்கூடப் பலருக்கு வழியில்லை. ராஜமலையில் ஜேசிபி வெட்டிய பெருங்குழிகளில், துணி சுற்றிய உடல்களை வரிசையாகக் கிடத்தி மூடினார்கள். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவரும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போன கிறிஸ்தவரும் ஒரே மண்ணுக்குள் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள்.

இப்போது ஒவ்வோர் ஆகஸ்ட் 6-ம் தேதியும் உறவினர்கள் அந்தக் கல்லறைகளுக்கு வருகிறார்கள். பூ வைக்கிறார்கள், ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் கொளுத்துகிறார்கள், அவரவர் முறைப்படி வேண்டிக்கொள்கிறார்கள். யாரும் சட்டம் போட்டு ஏற்பட்ட வழக்கமில்லை இது. ஒரு தோட்டத்து மைதானம், சில வருஷங்களுக்குள், ஆண்டுக்கு ஒரு நாள் கும்பிடும் இடமாகிவிட்டது.

உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு நம்பிக்கை என்ன தருகிறது என்று கேட்டால், எடுத்த எடுப்பில் தத்துவத்துக்குப் போய்விடுகிறோம்: ஆன்மா, மறுபிறவி, பரலோகம். அதெல்லாம் தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இடுக்கி, பாலக்காடு எல்லையோரத்து மலைகளைச் சுற்றிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இங்கே பல இடங்களில் முதலில் வந்தது கல்லறை. கோயில் அதற்குப் பின்னால்தான் வந்தது.

மூணாறு சி.எஸ்.ஐ. ஆலயத்தையே எடுத்துக்கொள்ளலாம். டவுனுக்கு மேலே கருங்கல்லில் கட்டிய அந்தக் கோயிலுக்கு 1910-ல் அஸ்திவாரக் கல் வைத்தார்கள். அதற்குப் பின்னாலுள்ள மேட்டில் கல்லறைத் தோட்டம் அதைவிட மூத்தது. தோட்டத்தை நிர்வகிக்க வந்த ஹென்றி நைட் என்ற ஆங்கிலேயரின் இளம் மனைவி எலினர், 1894 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நாளில், காலராவில் இறந்துபோனார். அவரை அந்த மேட்டில் புதைத்தார்கள். அப்போது கோயிலும் இல்லை, குருவானவரும் இல்லை. கல்லறை வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் அதன் காலடியில் கோயில் எழுந்தது.

மூணாறிலிருந்து உடுமலை ரோட்டில் இறங்கினால் மறையூர். அங்கே பாறைமேல் நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கவிழ்த்த அறைகள் வரிசையாக நிற்கின்றன. பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஊர்க்காரர்கள் முனியறை என்பார்கள்; முனிவர்கள் தவமிருந்த இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். யார் செத்தார், யார் அழுதார் என்பதெல்லாம் மறந்துபோன பிறகும், அது சாதாரண இடமில்லை என்கிற உணர்வு மட்டும் மக்களிடம் தங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழையவை. அவற்றில் ஒன்றில் ஆநிரைச் சண்டையில் விழுந்தவனின் பெயரைத் தமிழி எழுத்தில் வெட்டி நட்டிருக்கிறார்கள். தமிழரின் வழிபாட்டில் ஒரு பெரும் பங்கு இப்படி நட்ட கல்லில் தொடங்கியதுதான்.

எல்லோரும் அமைதி தேடித்தான் சாமியிடம் போகிறார்கள் என்று நினைப்பதும் தவறு. கோபத்தோடு போகிறவர்கள் உண்டு. இந்த எல்லையில் நிற்கும் இரண்டு பெரிய பெண் தெய்வங்களும் அந்தக் கோபத்துக்குப் பிறந்தவர்கள்.

குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இடுக்கியும் தேனியும் தொடும் மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும், வனத்துறை பொதுமக்களை மேலே விடும். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் கூடிப் பேசி ஜீப்புக்கும் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்வார்கள். ஒருபக்கம் தமிழ்ப் பூசை, மறுபக்கம் மலையாளப் பூசை. கும்பிடப்படுகிறவள் யார்? செய்யாத குற்றத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்து, மதுரைத் தெருவில் நின்று, இந்த ஊரில் தெய்வம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டவள். அவளுக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் சிலை எடுத்தது பிறகுதான். முதலில் அவளைத் தெய்வமாகக் கொண்டாடிக் குரவை ஆடியவர்கள் மலைக்குறவர்கள் என்கிறது சிலப்பதிகாரம். தெய்வம் உண்டா என்று கேட்ட பெண்ணையே தெய்வமாக்கிய மண் இது. இறைவனிடம் சண்டை போடுகிறவரை நம்பிக்கை இழந்தவர் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொருத்தி ஆனைமலை மாசாணியம்மன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சி வழியாகப் போகிறவர்களுக்கு அவள் பக்கத்து ஊர்ச் சாமிதான். அவள் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. மயானத்தில் மல்லாந்து படுத்திருக்கிறாள். நன்னன் என்ற அரசனின் காவல்மரத்து மாங்காய் ஆற்றில் மிதந்து வந்தது, அதைத் தின்ற பெண்ணை அவன் கொன்றான், ஊரார் அவளைப் புதைத்த இடத்திலேயே கும்பிட ஆரம்பித்தார்கள் என்பது தலவரலாறு. நன்னன் பெண்கொலை செய்த கதை குறுந்தொகையில் பரணர் பாட்டிலேயே இருக்கிறது. அவள் எடைக்குப் பொன்பாவையும் 81 யானையும் தருகிறோம் என்று வீட்டார் மன்றாடியும் அவன் இரங்கவில்லையாம். இன்றைக்கும் அந்தக் கோயிலில் பெண்கள் மிளகாய் வற்றலை ஆட்டுக்கல்லில் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். கண்ணில் நெடி ஏறி நீர் கொட்டக் கொட்ட அரைப்பார்கள். வெளியே சொல்ல முடியாத ஆத்திரத்தைக் கைக்கு வேலையாக மாற்றும் சடங்கு அது. எத்தனையோ ஆறுதல் பேச்சைவிட அந்த அரைப்பு நேர்மையானது.

ஏனென்றால், ஆறுதல் பேச்சு பல வீடுகளில் காயத்தைக் கிளறிவிடுகிறது. துஷ்டி கேட்க வருகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை: “சாமிக்குப் பிடிச்ச பிள்ளம்மா, அதான் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டாரு.” “போன ஜென்மத்துக் கணக்கு, என்ன செய்ய.” “கர்த்தருடைய சித்தம்க்கா, கேள்வி கேட்கக் கூடாது.” பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் காதில் இதெல்லாம் எப்படி விழும்? மதமும் மனத்துயரமும் பற்றிப் பல ஆண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் கண்டதும் இதைத்தான். கடவுள் துணை நிற்கிறார் என்று நம்புகிறவர்களுக்கு நம்பிக்கை கைகொடுக்கிறது. கடவுள் தண்டித்துவிட்டார், கைவிட்டுவிட்டார் என்று உள்ளுக்குள் மருகுகிறவர்களை அதே நம்பிக்கை மேலும் வாட்டுகிறது.

விதி என்று சொல்லி மூடக் கூடாத விஷயங்களும் உண்டு. பெட்டிமுடிக்கு மறுநாள், ஆகஸ்ட் 7-ல், கரிப்பூர் விமான விபத்து நடந்தது. அங்கே இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு முதலில் அறிவித்தது 5 லட்சம். மலைச்சரிவில் லயம், தலைமுறை தலைமுறையாகச் சொந்த நிலமில்லாத வாழ்க்கை. முதல்வர் பார்க்க வந்த நாளில் தோட்டப் பெண் தொழிலாளர்களின் ‘பெம்பிளை ஒருமை’ அமைப்பைச் சேர்ந்த கோமதி நிலம் கேட்டு வழிமறித்ததும், மங்கலதேவியின் கேள்வியும் ஒரே ஜாதி. பின்னர் குற்றியார்வாலியில் 8 குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. கும்பிடுவதும் நியாயம் கேட்பதும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. ஒரே ஆட்கள்தான் இரண்டையும் செய்தார்கள்.

துக்கத்தைப் பற்றி மேற்கத்திய மருத்துவம் நீண்ட காலம் வேறு மாதிரி நினைத்தது. 1917-ல் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதிய கட்டுரைப்படி, இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்துப் புதிய பிடிப்புகளில் செலுத்துவதுதான் துக்கத்தின் வேலை. மூன்று வருஷத்தில் அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளூயன்சாவில் இறந்தாள். 1929-ல், மகனைப் பறிகொடுத்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, நிரப்பாமல் இருப்பதே சரி என்ற பொருளில் எழுதினார். 1996-ல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த நூல் இதை ஆய்வாகவே நிறுவியது: இறந்தவரோடு உள்ள உறவு அறுந்துவிட வேண்டியதில்லை, வேறு வடிவத்தில் தொடரலாம், அது நோயல்ல.

திதி கொடுக்கிற ஊருக்கு இது புதுச் செய்தியில்லை. கோபாலபுரத்தின் இரு பக்கமும் பாருங்கள். பொதுவாக ஒரே அமாவாசைதான். இந்தப் பக்கம் ஆடி அமாவாசை, அந்தப் பக்கம் கர்க்கடக வாவு. கோவைக்காரர்கள் பேரூரில் நொய்யல் கரைக்குப் போகிறார்கள். பாலக்காட்டுக்காரர்கள் பாரதப்புழைக் கரைக்கு, திருவில்வாமலைக்கோ திருநாவாயாவுக்கோ போகிறார்கள். இங்கே மதில்மேல் சோற்றுருண்டை வைத்து, கா கா என்று கூப்பிடுவோம். அங்கே தர்ப்பை மோதிரம் போட்ட ஈரக்கையைத் தட்டிக் காக்கையை அழைப்பார்கள். காக்கை வரத் தாமதமானால் இரண்டு கரையிலும் ஒரே பதைப்பு: அவருக்கு என்ன குறையோ, என்ன பிடிக்கவில்லையோ என்று. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் குடும்பமே மண்வெட்டியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போய்ப் புல் செதுக்கி வெள்ளையடிப்பதும் இதே உறவுதான். பள்ளிவாசல் மையவாடியில் தகப்பனின் கபுர் முன்னால் மகன் துஆ கேட்பதும் இதே உறவுதான்.

உடலே கிடைக்காதபோது என்ன செய்வது? துக்கத்திலேயே கொடுமையானது அது. பெட்டிமுடியில் அதிகாரபூர்வத் தேடல் முடிந்த பிறகும், கிடைக்காத மகனைத் தேடி ஆற்றோரம் நடந்துகொண்டிருந்த தகப்பன் உண்டு. உடல் கிடைக்காதவருக்குச் சடங்கே ஒரு முடிவு கொடுத்தாக வேண்டியிருக்கிறது. சாஸ்திரம் தர்ப்பையால் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறது. இஸ்லாத்தில் சில மத்ஹபுகள் கண்முன் இல்லாத மையித்துக்கும் ஜனாஸா தொழுகையை அனுமதிக்கின்றன.

2024 ஜூலை 30-ல் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு வந்தபோது சிக்கல் இன்னும் பெரிதானது. அடையாளம் தெரியாத உடல்களும் உடற்பகுதிகளும் வந்துகொண்டே இருந்தன. இவர் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா? தெரியாது. புத்துமலையில் குழி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதத்தவரும் முறை வைத்து வேண்டிய பிறகு மண் தள்ளினார்கள். தலைமாட்டில் பெயருக்குப் பதில் எண் எழுதிய கல். டிஎன்ஏ முடிவு வர வர, எண்கள் இருந்த இடத்தில் பெயர்கள் வந்தன. ஒரே ஆளின் பகுதிகள் வேறு வேறு குழிகளில் இருப்பது தெரியவந்த குடும்பங்களும் உண்டு. யாரென்று தெரியாத ஒருவருக்காக முன்பின் அறியாத மூன்று பேர் மழையில் நின்று மனமார வேண்டினார்கள். ஆன்மிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அண்மைக் காலத்தில் நம் பக்கம் இல்லை.

சடங்கு முடிந்த பிறகுதான் வீடு வெறிச்சோடுகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை பாய் விரிக்க இடமிருக்காது. பதினேழாம் நாள் ஆளிருக்காது. உண்மையாகவே துணை நிற்க விரும்புகிறவர் அதற்குப் பிறகு போக வேண்டும். தத்துவம் வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசினால் போதும். பெயரை எடுத்தால் அழுவார்களே என்று பயந்து எல்லோரும் வாயை மூடிக்கொள்வதுதான் அவர்களை அதிகம் தனிமைப்படுத்துகிறது.

வழிபாடு மட்டும் போதாத நிலையும் வரும். ஆறு மாதம், ஒரு வருஷம் கடந்தும் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, செத்தவரோடு போய்விடலாம் என்கிற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதற்கு வைத்தியம் உண்டு. நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனமே அதை நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் சாமிக்கு நம்பிக்கைத் துரோகம் என்று யாரும் தயங்க வேண்டாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.