ஒரு வாளித் தண்ணீரில் கார் கழுவலாம்

காலையில் கடை திறக்கப் புறப்படுமுன் காரின் மேல் குழாயைத் திறந்துவிடுவது நம் வணிகர்களில் பலருக்கு நெடுநாள் பழக்கம். எங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு நாள் சும்மா அளந்து பார்த்தோம். எங்கள் வீட்டுக் குழாயில் 15 லிட்டர் வாளி ஒன்றேகால் நிமிடத்தில் நிரம்பியது. நிமிடத்துக்கு 12 லிட்டர். பத்து நிமிடம் ஓடினால் 120 லிட்டர் தெருவோடு போகிறது. எடையில் பத்து கிராம் குறைந்தாலே விசாரணை வைக்கும் நாம், இதை இத்தனை வருடமாக அளக்காமல் விட்டிருந்தோம்.

2019-ஆம் ஆண்டு கோடையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. குடிநீர் வேண்டாம், போர் தண்ணீரில் கழுவுகிறோம் என்பவர்கள் பானெட்டைக் கொஞ்சம் சாய்வாகப் பார்க்கட்டும். உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி தெரியும். நாளானால் அது துடைத்தாலும் போகாது.

இதற்கு மாற்றாக இப்போது கடைகளுக்கு வருவதுதான் 'ரின்ஸ்லெஸ் வாஷ்', அதாவது கழுவிய பிறகு தண்ணீர் விட்டு அலசத் தேவையில்லாத திரவம். இதைச் சாதாரண கார் ஷாம்புவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஷாம்பு நுரைத்து அழுக்கை எடுக்கும். அந்த நுரையை நன்றாக அலசாவிட்டால் கறை நிற்கும். 'வாட்டர்லெஸ் வாஷ்' என்று ஸ்பிரே பாட்டிலில் வருவதும் வேறு. அதை வாளியில் கலப்பதில்லை, அப்படியே அடித்துத் துடைப்பது.

ரின்ஸ்லெஸ் திரவத்தில் வேலை செய்வது பாலிமர் என்னும் பொருள். அது தூசித் துகளைச் சுற்றிப் படிந்து, துகளுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் வழுவழுப்பை உண்டாக்குகிறது. துணி தொட்டதும் துகள் பெயிண்டை உரசாமல் துணிக்குள் போய்விடுகிறது. இது ஏன் முக்கியம் என்றால், காரின் மேல் இருக்கும் பளபளப்பான கிளியர் கோட் பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியைவிட மெல்லியது. தெருப் புழுதியில் இருக்கும் மணல் அதைவிடக் கடினமானது. டிரைவர்கள் தினமும் காலையில் உலர்ந்த மஞ்சள் துணியால் 'டஸ்ட்' தட்டுகிறார்களே, அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். எங்கள் கறுப்புக் காரில் ஒரே வருடத்தில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்ததற்குக் காரணம் அதுதான் என்று, குடோனில் டியூப் லைட்டுக்கு அடியில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. துணி வாங்கிக் கொடுத்தது நாங்கள்.

அளவு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லேபிளில் உள்ளபடிதான் கலக்க வேண்டும். பரவலாக அறியப்பட்ட அமெரிக்கத் தயாரிப்பான 'ஆப்டிமம் நோ ரின்ஸ்' என்பதற்கு ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர் என்று கணக்கு. அதாவது 8 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 30 மி.லி. ஒரு நடுத்தரக் காருக்கு இந்த 8 லிட்டர் தாராளம். நுரையே வரவில்லையே, சரக்கு போலியோ என்று நினைத்து இரண்டு மூடி சேர்த்து ஊற்றுபவர்கள் உண்டு. நுரை வராமல் இருப்பதுதான் இதன் குணம். அளவு கூடினால் காய்ந்த பின் கோடு கோடாகத் தெரியும்.

செய்முறை எளிது, ஆனால் ஒழுங்கு வேண்டும். காரை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு தணிந்த பிறகு தொடங்குங்கள். மைக்ரோஃபைபர் துணி ஆறு, ஏழு வேண்டும். பழைய பனியன், வேட்டித் துண்டு இதற்கு ஆகாது. அழுக்கை உள்ளே வாங்கிக்கொள்ளும் இழை அவற்றில் இல்லை. கலந்த தண்ணீரிலேயே கொஞ்சம் ஒரு ஸ்பிரே பாட்டிலில் எடுத்துக்கொண்டு, முதலில் துடைக்கப் போகும் பகுதியில் நன்றாக அடித்து ஒரு நிமிடம் ஊற விடுங்கள். பிறகு வாளியில் நனைத்த துணியை நாலாக மடித்து, அழுத்தாமல், ஒரே திசையில், நேர்கோட்டில் இழுக்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்க்கவே கூடாது. ஒரு மடிப்பு அழுக்கானதும் அடுத்த மடிப்புக்குத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு முகம் கிடைக்கும். எட்டும் தீர்ந்தால் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அழுக்குத் துணியைத் திரும்ப வாளியில் முக்கினால் அடுத்த கதவுக்கு மணலை நாமே கொண்டுபோகிறோம். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்.

துடைத்த பகுதி தானாகக் காயும் வரை விடாமல் உடனே வேறொரு உலர்ந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். மேல்கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் அடிப்பாகம் கடைசியில், வீல் அதற்கும் பிறகு. வீலுக்கு எடுத்த துணியில் வேறு அடையாளம் போட்டுத் தனியே வையுங்கள். பழகிவிட்டால் அரைமணி நேர வேலை.

இனி எச்சரிக்கை. இந்தத் திரவம் புழுதிக்குத்தான், சேற்றுக்கு அல்ல. எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு சில்லறைக் கடைக்காரர் ஒரு டஜன் பாட்டில் எடுத்துச் சென்றார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் மழையில் ஊருக்குப் போய் வந்து, சேறு காய்ந்து பொறுக்காக இருந்த காரில் இதைப் போட்டு அழுத்தித் துடைத்திருக்கிறார். கதவு நீளத்துக்குக் கீறல். மறுநாள் கடை வாசலில் காரை நிறுத்திச் சத்தம் போட்டார். பதினைந்து வருட வாடிக்கை அன்றோடு போயிற்று. மீதிப் பாட்டில்களை நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டோம். போன வாடிக்கையை எடுத்துக் கொடுக்க எங்களால் முடியவில்லை. விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். அந்த வார்த்தையை நாங்களே அவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. சேறு இருந்தால் முதலில் தண்ணீர் அடித்துச் சேற்றை இறக்க வேண்டும், அதன் பிறகே இது. சரக்கு ஏற்றும் வண்டியின் அடிப்பகுதிக்கும் குழாய்தான் சரி.

செலவுக் கணக்கு போடாமல் நமக்கு மனம் ஒப்பாது. ஒரு பேச்சுக்கு, 500 மி.லி. பாட்டில் 640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முறைக்கு 30 மி.லி. என்றால் 16 முறை வரும். முறைக்கு 40 ரூபாய். துணிச் செலவு தனி. ஆகவே பணத்தில் மிச்சம் என்று சொல்லி விற்காதீர்கள். சலவைப் பவுடரோடு ஒப்பிட்டால் இது விலை அதிகம்தான். ஆனால் சலவைப் பவுடரில் உள்ள சோடா, பெயிண்டின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். குழாய் வைத்துக் கழுவ இடமில்லாத அடுக்குமாடிக்காரரும், தண்ணீர் லாரிக்குக் காசு கொடுப்பவரும்தான் இதற்கு உண்மையான வாடிக்கையாளர். அவரிடம் மிச்சமாகும் தண்ணீரைச் சொல்லுங்கள்.

சரக்கு எடுக்கும்போது லேபிளைப் பாருங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், நிகர அளவு, தயாரித்த மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான விவரம் இவையெல்லாம் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி இருக்க வேண்டும். பெரிய கேனிலிருந்து ஊற்றி, லேபிள் ஒட்டாத பாட்டிலில் மலிவாகத் தருகிறோம் என்று வருபவர்களிடம் வாங்க வேண்டாம். கலக்கும் அளவு எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பாட்டிலோடு மைக்ரோஃபைபர் துணியையும் சேர்த்து வையுங்கள். துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும், கம்ஃபர்ட் போன்ற வாசனைத் திரவத்தில் முக்கினால் இழை அடைத்துக்கொண்டு தண்ணீரை வாங்காது, கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் காரில் வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரு சீட்டில் அச்சடித்து, சேற்று எச்சரிக்கையை அதற்கு மேலே போட்டு, இப்போது நாங்கள் ஒவ்வொரு பாட்டிலோடும் ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புகிறோம்.